அரண்மனையில் தங்க மறுத்த அன்னை

எல்லாப் புகழும் ஏக இறைவன் அல்லாஹ்வுக்கே. அவனுடைய சலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

மார்க்கச் சட்டம் கேட்டு நம்மிடம் வருபவர்களில் சிலர் பதில் தெரியாமல் வருகிறார்கள். வேறு சிலர் பதில் தெரிந்த பிறகும் மனம் ஆறாமல் வருகிறார்கள். சென்ற ரபீஉல் அவ்வல் மாதத்தில் காரைக்குடியில் நம் வீட்டுக்கு வந்த ஒரு சகோதரி இரண்டாம் வகையைச் சேர்ந்தவர். தம் தாயாரை உடன் அழைத்து வந்திருந்தார். நம் வீட்டார் அவர்களை உள்ளே அமர வைத்தார்கள். திரைக்குப் பின்னாலிருந்து அவர் கேட்ட கேள்வி இதுதான்:

"ஹஜரத், ஏழு வருஷம் நான் வாங்கின சம்பளம் எனக்கு ஹலால்தானா? அங்கே அந்தப் பிள்ளைக்கு ஊட்டின கைக்குக் காசு கொடுத்தார்கள். இங்கே என் பிள்ளைக்கு ஊட்டாமல் விட்ட கைக்கு யார் கணக்குச் சொல்வது?"

அவர் குவைத்தில் ஒரு செல்வந்தர் வீட்டில் தங்கிப் பிள்ளை வளர்த்தவர். நாற்பது நாள் குழந்தையாக அந்த வீட்டுப் பையனைக் கையில் வாங்கினார். குளிப்பாட்டுவது, பால் கரைத்துக் கொடுப்பது, இரவில் பக்கத்தில் படுத்துத் தட்டித் தூங்க வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அந்தப் பையன் முதன்முதலில் பேசிய சொற்களில் தமிழும் இருந்ததாம். இவர் காரைக்குடியிலிருந்து புறப்பட்டபோது இவருடைய சொந்த மகளுக்கு இரண்டரை வயது. இடையில் இரண்டு முறை விடுமுறையில் வந்து போனார். இப்போது திரும்பி வந்துவிட்டார். மகளுக்கு ஒன்பது வயது கடந்துவிட்டது. அந்தச் சிறுமி தன் நன்னியைத்தான் "அம்மா" என்கிறாள். பெற்றவளுக்கு அவள் வைத்திருக்கும் பெயர் "குவைத் அம்மா".

இதைக் கேட்டபோது நமக்கு வேறொரு நினைவும் வந்தது. அவர் புறப்படுவதற்கு முன் அவருடைய சகோதரர் நம்மிடம் வந்து மார்க்கம் கேட்டார். அப்போது நாம் மதரஸாவில் பட்டம் பெற்று வந்த புதிது. "மஹ்ரம் இல்லாமல் பெண் பயணம் போகக் கூடாது" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிட்டோம். சட்டத்தைச் சொல்லிவிட்டோம், கடமை முடிந்தது என்று இருந்தோம். ஏன் போகிறார், எவ்வளவு கடன், கணவர் என்ன செய்கிறார், கைக்குழந்தையை யார் பார்ப்பார்கள் என்று ஒன்றையும் கேட்கவில்லை. அவரும் போய்விட்டார். ஆகவே இக்கட்டுரை அவருக்குச் சொல்லும் பதில் மட்டுமன்று. நாம் கேட்காமல் விட்ட கேள்விகளின் களாவும் ஆகும்.

சம்பளம் ஹலாலா?

முதலில் அவர் கேட்டதற்கு நேரான பதிலைச் சொல்லிவிடுவோம். அவருடைய சம்பளம் ஹலால்தான். இதில் ஐயமில்லை.

குழந்தை வளர்ப்பதற்குக் கூலி வாங்குவதைத் திருமறையே ஏற்றுக்கொண்டிருக்கிறது. மணவிலக்குப் பெற்ற மனைவி குழந்தைக்குப் பாலூட்டினால் அதற்கான கூலியை அவளிடம் கொடுத்துவிட வேண்டும் என்று அத்தலாக் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் தந்தைக்குக் கட்டளையிடுகிறது. அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம், செவிலித்தாயை அமர்த்திப் பாலூட்டச் செய்வதையும் அனுமதித்து, பேசியதை முறையாகக் கொடுத்துவிடும்படி சொல்கிறது. இவற்றை ஆதாரமாகக் கொண்டே நம் ஃபிக்ஹு நூல்கள் கூலி ஒப்பந்தம் பற்றிய பாடத்தில் செவிலித்தாயின் ஒப்பந்தத்தைத் தனியாக எடுத்துப் பேசுகின்றன.

மஹ்ரம் இன்றிப் பயணம் செய்தது வேறு விஷயம். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் அதைத் தடுக்கும் நபிமொழிகள் உள்ளன. அதில் தவறு நேர்ந்திருந்தால் அதற்குத் தவ்பா உண்டு. ஆனால் பயணத்தில் நேர்ந்த தவறு, நேர்மையாகச் செய்த வேலையின் கூலியை ஹராமாக்கிவிடாது. இரண்டையும் குழப்பி, உழைத்துச் சம்பாதித்த பெண்ணின் காசை இழிவாகப் பேசும் உரிமை யாருக்கும் கிடையாது.

பதில் இத்துடன் முடிந்திருந்தால் அந்தச் சகோதரியின் மனம் ஆறியிருக்கும். ஆறவில்லை. ஏனென்றால் அவர் கேள்வியில் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். நாம் ஒரு பிள்ளைக்குத்தான் பதில் சொன்னோம்.

கையெழுத்துப் போடாத மூன்றாவது ஆள்

கூலி ஒப்பந்தத்தில் இரண்டு தரப்பு உண்டு. வேலை கொடுப்பவர் ஒருவர், வேலை செய்பவர் ஒருவர். குழந்தை வளர்க்கும் வேலையில், அதிலும் அந்த வீட்டிலேயே தங்கிச் செய்யும் வேலையில், மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். அவர் பேச்சுவார்த்தைக்கு வரவில்லை. கையெழுத்துப் போடவில்லை. ஆனால் அந்த ஒப்பந்தத்தின் விலையில் பெரும் பங்கைக் கொடுப்பவர் அவரே. காரைக்குடியில் நன்னியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விமானம் போகும் திசையைப் பார்த்து நிற்கும் இரண்டரை வயதுக் குழந்தைதான் அந்த மூன்றாவது ஆள்.

வீடு கட்டுகிறவர் வெளிநாட்டில் வீடு கட்டினால் ஊரில் இருக்கும் அவருடைய வீடு இடிந்துவிடுவதில்லை. பிள்ளை வளர்க்கும் வேலை அப்படிப்பட்டதன்று. இரவில் விழித்திருக்கும் கண்ணும், காய்ச்சலில் நெற்றியைத் தொடும் கையும் ஓர் ஆளுக்கு ஒன்றுதான் இருக்கிறது. ஒரு பிள்ளைக்குக் கிடைத்த அதே இரவு இன்னொரு பிள்ளைக்குக் கிடைக்காது.

குழந்தையை மடியில் வைத்து வளர்க்கும் பொறுப்பை நம் இமாம்கள் "ஹளானா" என்று பெயரிட்டு அழைக்கிறார்கள். தந்தையும் தாயும் பிரிந்துவிட்டால் சிறு குழந்தையை வளர்க்கும் முதல் உரிமையைத் தாய்க்கும், அவள் இல்லாதபோது தாயின் தாய்க்கும் கொடுக்கிறார்கள். அந்த வரிசை பெரியவர்களின் கௌரவத்துக்காக வகுக்கப்பட்டதன்று. எந்த மடி குழந்தைக்கு அதிக இரக்கம் உடையது என்று பார்த்து வகுக்கப்பட்டது. நம் சகோதரியின் மகளை நன்னி வளர்த்தார் என்றால், ஷரீஅத் காட்டிய அடுத்த மடியில்தான் அவள் வளர்ந்தாள். இதை அந்தச் சகோதரிக்கு ஆறுதலாகச் சொன்னோம். அவளுக்கு மடி கிடைக்காமல் போகவில்லை. ஆயினும் முதல் மடிக்கு அவளுக்கு ஹக்கு இருந்தது.

ஃபிர்அவ்னின் அரண்மனையில்

செல்வந்தர் வீட்டில் கூலிக்குக் குழந்தை வளர்த்த பெண் ஒருவரைத் திருமறை நமக்குக் காட்டுகிறது. அவர்தாம் நபி மூஸா (அலை) அவர்களின் அன்னை. அல்கஸஸ் அத்தியாயம் 7 முதல் 13 வரையுள்ள வசனங்களில் அந்த வரலாறு வருகிறது. நைல் நதியில் விட்ட குழந்தை ஃபிர்அவ்னின் வீட்டாரிடம் போய்ச் சேர்ந்தது. எந்தச் செவிலியின் பாலையும் குழந்தை ஏற்கவில்லை. பின்தொடர்ந்து வந்த சகோதரி, இந்தக் குழந்தையைப் பொறுப்பேற்று வளர்க்கும் ஒரு குடும்பத்தைக் காட்டட்டுமா என்று கேட்டாள். பெற்ற தாயே செவிலியாக அழைக்கப்பட்டார்.

இந்த இடத்தில் ஹாஃபிழ் இப்னு கஸீர் (ரஹ்) அவர்கள் தம் தஃப்ஸீரில் ஒரு செய்தியைக் கொண்டு வருகிறார்கள். இது திருமறையின் வசனமன்று, விரிவுரையாளர்கள் எடுத்துச் சொல்லும் வரலாற்றுச் செய்தி. ஆயினும் அதன் பொருள் ஆழமானது. ஃபிர்அவ்னின் துணைவியார் ஆசியா அவர்கள், அரண்மனையிலேயே தங்கிக் குழந்தைக்குப் பாலூட்டும்படி அந்த அன்னையைக் கேட்டார்களாம். அதற்கு அந்த அன்னை, தமக்குக் கணவரும் பிள்ளைகளும் இருப்பதால் இங்கே தங்க முடியாது, விரும்பினால் என் வீட்டில் வைத்துப் பாலூட்டுகிறேன் என்று பதில் சொன்னார்களாம். ஆசியா அம்மையார் அதற்கு இணங்கி, சம்பளமும் உடையும் கொடுத்து அனுப்பினார்கள் என்கிறது அச்செய்தி.

சகோதர சகோதரிகளே, இந்த இடத்தைச் சற்று நிதானமாக எண்ணிப் பாருங்கள்! அரண்மனையில் கிடப்பது யாருடைய குழந்தை? அந்த அன்னையின் சொந்தக் குழந்தை. அதைக் கண்ணால் காண ஏங்கித் தவித்த தாய் அவர். அரண்மனையில் தங்கினால் இரவும் பகலும் அதனுடனேயே இருக்கலாம். அப்படியிருந்தும், வீட்டில் விட்டுவந்த பிள்ளைகளின் பெயரால் அங்கே தங்க மறுக்கிறார்! ஆசியா அம்மையாரின் பெருந்தன்மையையும் பாருங்கள். நாட்டையே ஆளும் வீட்டின் அரசியார் அவர். ஏவலாளின் வீட்டிலும் பிள்ளைகள் உண்டு என்ற சொல்லைக் காதில் வாங்கி, தம் வீட்டு ஏற்பாட்டை அதற்கேற்ப மாற்றிக்கொண்டார்.

அன்னை ஹலீமாவின் வரலாறும் இதையே காட்டுகிறது. பஞ்ச காலத்தில் கூலியை எதிர்பார்த்து மக்காவுக்கு வந்த ஏழைப் பெண் அவர். கையில் தம் சொந்தக் கைக்குழந்தை பசியால் அழுதுகொண்டிருந்தது. அன்றைய அரபு வழக்கப்படி செவிலி செல்வந்தர் வீட்டில் போய்த் தங்கவில்லை. நகரத்துக் குழந்தைதான் செவிலியின் கூடாரத்துக்குச் சென்றது. ஆகவே நாயகம் (ஸல்) அவர்கள் வளர்ந்த மடியிலேயே ஹலீமாவின் பிள்ளையும் வளர்ந்தது. வளர்ப்பு மகன் வந்ததால் சொந்த மகன் தாயை இழக்கவில்லை. இருவருக்கும் பரக்கத் கிடைத்தது.

நம் மதரஸாக்களில் ஓதிக் கொடுக்கப்படும் ஹனஃபி நூலான ஹிதாயாவில், கூலிக்கு அமர்த்தப்பட்ட செவிலியிடமிருந்து அவள் கணவனைத் தடுத்து வைக்கும் உரிமை குழந்தையின் வீட்டாருக்கு இல்லை என்று சொல்லப்பட்டிருக்கிறது. செவிலிக்கென்று ஒரு குடும்பம் உண்டு, சம்பளம் கொடுப்பதால் அது இல்லாமல் போய்விடாது என்பதே அதன் கருத்து. கடவுச்சீட்டை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டு, இரண்டாண்டுக்கு ஒரு முறை ஊருக்கு விடுவதையே உபகாரமாகச் சொல்லும் இன்றைய வீடுகள் இதற்கு என்ன பதில் சொல்லும்?

கடல் கடந்த தாய்மார்கள்

செட்டிநாட்டுச் சீமைக்குக் கடல் கடந்த பயணம் புதியதன்று. நகரத்தார் பெருமக்கள் மூன்றாண்டுக் கணக்கில் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிற்கப் போனார்கள். நம் சமுதாயத்தவரும் இரங்கூனுக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறினார்கள். அன்று போனவர் தந்தை. அவர் இல்லாத வீட்டைத் தாய் தாங்கினாள். இன்று போகிறவள் தாய். கைப்பேசியில் தினமும் முகம் பார்க்க முடிகிறது என்பது உண்மைதான். ஆனால் கைப்பேசியால் தலை வாரிவிட முடியாது.

பிள்ளை வளர்க்கப் பெண்களைக் கடல் கடந்து அழைத்துப்போகும் பழக்கமும் பழையதே. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் வெள்ளைக்காரத் துரைமார் தம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நம் நாட்டு ஆயாக்களைக் கப்பலில் இலண்டனுக்கு அழைத்துச் சென்றார்கள். போய்ச் சேர்ந்ததும் வேலை முடிந்துவிட்டது என்று, திரும்பக் கப்பல் கட்டணமும் கொடுக்காமல் பலரைக் கைவிட்டார்கள். அப்படிக் கைவிடப்பட்டவர்கள் தங்குவதற்கென்றே இலண்டனில் ஆயாக்கள் இல்லம் ஒன்று இருந்தது. 1900ஆம் ஆண்டு முதல் ஹாக்னி பகுதியில் அது இயங்கிய கட்டடத்தில் 2022ஆம் ஆண்டு ஒரு நினைவுப் பலகை பதித்தார்கள். யார் யார் பிள்ளைகளையோ மடியில் சுமந்தவர்களுக்கு, நூறாண்டு கழித்துச் சுவரில் ஒரு பலகை!

நம் காலத்தில் இவ்வேலையில் நிகழ்ந்த மிகப் பெரிய துயரம், தமிழ் பேசும் ஒரு முஸ்லிம் பெண்ணுக்கே நேர்ந்தது. இலங்கையின் திருகோணமலை மாவட்டத்து மூதூரைச் சேர்ந்த ரிஸானா நஃபீக், 2005ஆம் ஆண்டு மே மாதம் சவூதி அரேபியாவுக்கு வீட்டு வேலைக்குப் போனார். அவருடைய பிறப்புச் சான்றிதழ்ப்படி பிறந்த ஆண்டு 1988. கடவுச்சீட்டில் 1982 என்று எழுதப்பட்டிருந்தது. பதினேழு வயதுச் சிறுமியை இருபத்து மூன்று வயதுப் பெண்ணாகக் காகிதத்தில் ஆக்கி அனுப்பிவிட்டார்கள். போன சில வாரங்களிலேயே அவர் பொறுப்பில் இருந்த நான்கு மாதக் குழந்தை இறந்தது. புட்டிப்பால் கொடுக்கும்போது புரையேறிவிட்டது என்று அவர் சொன்னார். கொலை என்று வழக்குத் தொடரப்பட்டது. வாக்குமூலம் வாங்கியபோது அவருக்கு வழக்கறிஞர் இல்லை, மொழிபெயர்த்தவரின் தகுதி பற்றியும் பின்னர் கேள்வி எழுந்தது. 2007இல் தவாத்மி நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 2013ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் நாள் அது நிறைவேற்றப்பட்டது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அந்தக் குழந்தையைப் பெற்ற தாயின் துயரத்தை நாம் சிறிதாக எண்ணவில்லை. மறுமையில் இரு தாய்மார்களின் கண்ணீருக்கும் அல்லாஹ்வே தீர்ப்பளிப்பான். நாம் கேட்பது ஒன்றே. ஆறு ஆண்டுகளைக் கூட்டி எழுதிய பேனா யாருடையது? பொய்ச் சாட்சியம் பெரும் பாவங்களில் ஒன்று என்று நாயகம் (ஸல்) அவர்கள் கடுமையாக எச்சரித்தார்கள். கடவுச்சீட்டில் வயதைக் கூட்டுவதை நம்மில் எத்தனை பேர் "சின்னக் காகித வேலை" என்று சொல்கிறோம்! குழந்தையைத் தூக்கத் தெரியாத குழந்தையின் கையில் இன்னொரு குழந்தையைக் கொடுத்த பொய் அது.

பொறுப்பு யாருடையது?

அதே 2013ஆம் ஆண்டில் இலங்கை அரசு ஒரு விதி கொண்டுவந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய் வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் போக அனுமதியில்லை என்றது. பின்னர் 2022இல் அது தளர்த்தப்பட்டது. வீட்டில் விடப்படும் குழந்தையைச் சட்டம் நினைத்துப் பார்த்தது நல்லதுதான். ஆனால் அந்தச் சட்டம் தாயை நிறுத்தி விசாரித்ததே தவிர, தந்தையை நிறுத்தி விசாரிக்கவில்லை. ஏழு ஆண்டுகளுக்கு முன் நாம் செய்த தவறும் அதுவே.

ஷரீஅத்தின் முறை அப்படியன்று. மேலே சொன்ன அல்பகரா 233ஆம் வசனம் பாலூட்டும் தாயைப் பற்றிப் பேசும்போதே, அவளுக்குரிய உணவையும் உடையையும் தந்தையின் கடமையாக்குகிறது. குழந்தையைக் காரணமாக வைத்துத் தாய்க்குத் தீங்கு நேரக் கூடாது என்றும் சொல்கிறது. ஆகவே ஒரு தாய் பிள்ளையைப் பிரிந்து போகிறாள் என்றால், முதல் கேள்வி அவளிடம் கேட்கப்படுவதில்லை. தன் பொறுப்பிலுள்ளவர்களைக் கவனியாமல் கைவிடுவதே ஒரு மனிதன் பாவியாவதற்குப் போதும் என்ற கருத்தில் அபூதாவூதில் ஒரு நபிமொழி வருகிறது. கணவன் நோயாளியாக இருக்கலாம், வழியற்றவனாக இருக்கலாம். அவன் மன்னிக்கப்படுவான். மனைவியின் சம்பளம் வந்தவுடன் தன் வேலையை விட்டுவிட்டுத் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருப்பவனுக்கு என்ன சமாதானம் உண்டு?

நம் சகோதரியின் கணவர் சோம்பேறியல்லர். கடன் வாங்கி ஒரு சிறு கடை வைத்தார், நொடித்துப்போனார். வட்டிக் கடன் வாசலில் வந்து நின்றது. மனைவியின் பெயரில் மகளிர் குழுக் கடனும் சேர்ந்தது. இதை இப்போதுதான் விசாரித்து அறிந்தோம். அறிந்தபோது வெட்கம் வந்தது. ஏனென்றால் அத்தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரைச் சொல்லும்போது, கடனில் மூழ்கியவர்களையும் ஒரு வகையாகச் சொல்கிறது. ஒவ்வொரு ரமளானிலும் அவர்களுடைய மஹல்லாவில் ஜகாத் கொடுக்கப்பட்டுக்கொண்டுதான் இருந்தது. சேலைகளாகவும் சில்லறையாகவும் நூறு கைகளுக்குப் பிரிந்து போயிற்று. ஓர் ஆண்டு ஜகாத்தைத் திரட்டி ஒரு குடும்பத்தின் கடனை அடைத்திருந்தால், ஒரு குழந்தை ஏழு ஆண்டுகள் தாயை இழந்திருக்காது. அந்தப் பாவத்தில் பங்கு யார் யாருக்கு என்று ஜமாஅத்தார் எண்ணிப் பார்க்கட்டும். "மஹ்ரம் இல்லாமல் கூடாது" என்று சொல்லிவிட்டுக் கிதாபை மூடிய நமக்கும் பங்கு உண்டு.

இங்கே ஒருவர் கேட்கலாம்: "அந்தப் பெண்ணை யாரும் கட்டி இழுத்துப் போகவில்லையே? அவளே விருப்பப்பட்டுத்தானே போனாள்? வீட்டுக்காரர் பேசிய சம்பளத்தைக் கொடுத்துவிட்டார். இதில் குற்றம் எங்கே?" நியாயமான கேள்விதான். குற்றம் என்று நாமும் சொல்லவில்லை. ஆனால் போர்க் கைதிகளான தாயையும் பிள்ளையையும்கூடப் பிரிப்பவரை, மறுமையில் அவருக்குப் பிரியமானவர்களிடமிருந்து அல்லாஹ் பிரித்துவிடுவான் என்ற எச்சரிக்கை திர்மிதீயில் பதிவாகியிருக்கிறது. தொழுகையில் ஒரு குழந்தையின் அழுகுரல் காதில் விழுந்தால், பின்னால் நிற்கும் அதன் தாயின் மனம் தவிக்குமே என்று நாயகம் (ஸல்) அவர்கள் தொழுகையையே சுருக்கினார்கள். இந்த இரக்கத்தை அறிந்த ஒரு முஸ்லிம், தன் வீட்டில் வேலை செய்யும் தாயைப் பார்த்து, "அவள் சம்மதித்தாள்" என்ற ஒரு சொல்லோடு நிம்மதியாகத் தூங்கிவிட முடியுமா? பசி கேட்டு வாங்கிய சம்மதத்துக்கு ஒரு மரியாதை உண்டு. அது முழுச் சம்மதம் ஆகாது.

வேலை கொடுப்பவர் கவனத்துக்கு

வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் குடும்பத்தோடு வாழும் நம்மவர் பலர், இந்தோனேசியாவிலிருந்தோ பிலிப்பைன்ஸிலிருந்தோ வந்த பெண்களைப் பிள்ளை பார்க்க வைத்திருக்கிறார்கள். காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் நம் வீடுகளில் ஏழைப் பெண்கள் விடிந்தது முதல் இருட்டும் வரை நம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். ஆகவே இது அரபிகளுக்கு மட்டும் சொல்லும் உபதேசமன்று.

குவைத்து நாடு 2015ஆம் ஆண்டின் 68ஆம் எண் சட்டத்தில், வீட்டு வேலையாளுக்கு ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும், கடவுச்சீட்டைப் பிடித்து வைக்கக் கூடாது என்று விதித்தது. சிங்கப்பூரில் 2023 முதல் மாதத்தில் ஒரு ஓய்வு நாளையாவது காசு கொடுத்தும் ஈடு செய்ய முடியாது, விட்டே ஆக வேண்டும். உலகத் தொழிலாளர் அமைப்பு 2011ஆம் ஆண்டிலேயே வீட்டு வேலையாளர்களுக்கென 189ஆம் எண் உடன்படிக்கையை நிறைவேற்றியது. இவையெல்லாம் நல்லவையே. ஆனால் தம் கீழ் இருப்பவர்களுக்குத் தாம் உண்பதில் ஊட்ட வேண்டும், தாம் உடுப்பதில் உடுத்த வேண்டும், தாங்க முடியாத சுமையை ஏற்றக் கூடாது என்று நாயகம் (ஸல்) அவர்கள் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டார்கள். அதை ஓதும் நாம், காவல் துறைக்குப் பயந்து மட்டும் ஓய்வு நாள் கொடுப்பது நமக்கு அழகா?

இன்னும் ஒன்று உண்டு. சம்பளத்தோடு கணக்கு முடிவதில்லை. நாயகம் (ஸல்) அவர்களைச் சிறு வயதில் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டவர் உம்மு அய்மன் (ரலி). அபிசீனியாவைச் சேர்ந்த அடிமைப் பெண்ணாக இருந்தவர். அன்னை ஆமினா வழியில் அப்வா என்ற இடத்தில் காலமானபோது, ஆறு வயது அநாதைக் குழந்தையை மக்காவுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் இவரே. வளர்ந்த பிறகு நாயகம் (ஸல்) அவர்கள் அவரை விடுதலை செய்தார்கள். இறுதிவரை அவர் வீடு தேடிச் சென்று பார்த்து வந்தார்கள். நாயகத்தின் மறைவுக்குப் பிறகு அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) இருவரும் அதே வழக்கப்படி அவரைப் பார்க்கச் சென்றதை முஸ்லிம் கிரந்தம் கூறுகிறது. கலீஃபா ஒருவர் தம் தலைவரை வளர்த்த செவிலியின் வீட்டு வாசலில் போய் நிற்கிறார்! நம் பிள்ளையை வளர்த்த பெண் இப்போது எங்கே இருக்கிறார், உயிரோடு இருக்கிறாரா என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆகவே பிள்ளை பார்க்கும் பெண்ணை வைத்திருப்பவர்கள் இந்த மூன்றையாவது செய்யட்டும். அவருடைய பிள்ளையின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் பிள்ளை பள்ளிவிட்டு வரும் நேரத்தில் தாய் பேச நேரம் ஒதுக்குங்கள், ஆண்டுக்கு ஒரு முறையேனும் உங்கள் செலவில் ஊருக்கு அனுப்புங்கள். உள்ளூரிலேயே வேலை செய்பவரானால், அவருடைய கைக்குழந்தையையும் உடன் அழைத்துவரச் சொல்லுங்கள். உங்கள் தொட்டிலுக்குப் பக்கத்தில் இன்னொரு தொட்டில் கட்ட உத்தரத்தில் இடம் இருக்கும். ஹலீமாவின் கூடாரம் உங்கள் வீட்டைவிடச் சிறியதுதான்.

புறப்பட நிற்கும் சகோதரிகளுக்கும் ஒரு சொல். முதலில் ஜமாஅத்திடம் உங்கள் கடனைச் சொல்லுங்கள். சொல்வதில் இழிவில்லை, கேட்டும் கேளாமல் இருப்பதில்தான் இழிவு. வேறு வழியே இல்லையென்றால், சுற்றுலா விசாவில் அனுப்புகிறேன் என்னும் தரகரை நம்பாதீர்கள். பத்தாம் வகுப்புத் தேறாத பெண்கள் வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போவதானால் 30 வயது நிறைந்திருக்க வேண்டும், அரசு அனுமதித்த நிறுவனங்கள் வழியாகவே போக வேண்டும் என்று இந்திய அரசு விதித்திருக்கிறது. 1978இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. அங்கே விசாரியுங்கள். வயதில் ஒரு நாளைக்கூடக் கூட்டி எழுத இடம் கொடுக்காதீர்கள்.

நாம் சொன்ன பதில்

அந்தச் சகோதரிக்கு நாம் கடைசியாகச் சொன்னது இதுதான்: "உங்கள் சம்பளம் ஹலால். மஹ்ரம் இல்லாமல் போனதற்காகத் தவ்பாச் செய்யுங்கள், அல்லாஹ் மன்னிப்பவன். மகளின் ஹக்கு ஒன்று மீதி நிற்கிறது. அது உங்கள் தலையில் மட்டும் இல்லை, அவள் அத்தா தலையிலும், இந்த ஊரின் தலையிலும், எம் தலையிலும் பங்கு பங்காக இருக்கிறது. உங்கள் பங்கை நேரமாகத் திருப்பிக் கொடுங்கள். அவள் 'அம்மா' என்று அழைக்க வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். நன்னியிடமிருந்து பிடுங்கவும் வேண்டாம்."

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "அந்தப் பையன்?" என்று கேட்டார். பால் கொடுக்காததால் அவனோடு பால்குடி உறவு இல்லை. அவன் பெரியவனானால் மற்ற அந்நிய ஆண்களைப் போலவே அவனிடமும் திரை பேண வேண்டும். இதுதான் சட்டம். ஆனால் துஆவுக்கு மஹ்ரம் தேவையில்லை. ஐந்து வேளைத் தொழுகைக்குப் பின்னும் அவன் பெயரைச் சொல்லிக் கேளுங்கள் என்றோம்.

அந்தக் குடும்பத்தின் மீதிக் கடனை அடைப்பதற்கென்று சிலரிடம் பேசி, இந்த ஆண்டு ஜகாத்தில் ஒரு பகுதியை ஒதுக்க ஏற்பாடு செய்திருக்கிறோம். ஏழு ஆண்டுகள் பிந்திவிட்டது.

சிறுமி இப்போது நம்மிடம் மக்தபில் ஓத வருகிறாள். சென்ற மாதம் ஒரு மாலை, ஓதல் முடிந்து பிள்ளைகள் கலையும் நேரத்தில் தாய் வாசலில் வந்து நின்றார். "யார் வந்திருக்கிறார்கள்?" என்று கேட்டோம். "குவைத் அம்மா" என்றாள் சிறுமி. கிதாபைப் பையில் வைத்துவிட்டு ஓடிப்போய் அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

மூஸா நபியின் அன்னைக்கு அவர் மகனைத் திருப்பிக் கொடுத்து, அவர் கண்ணைக் குளிர வைத்து, துயரத்தை நீக்கிய வல்ல ரஹ்மான், கடல் கடந்து பிரிந்து நிற்கும் ஒவ்வொரு தாயையும் அவள் பிள்ளையிடம் நலமாகச் சேர்த்து வைப்பானாக! பிறர் பிள்ளையைக் கூலிக்கு வளர்ப்பவர்களின் ஹக்கை அறிந்து நடக்கும் நல்லறிவை வேலை கொடுப்பவர்களுக்கும், அவர்களை அனுப்பாமல் காக்கும் ஆற்றலை நம் ஜமாஅத்துகளுக்கும், கேள்வி கேட்டு வருபவரின் துயரத்தையும் சேர்த்துக் கேட்கும் காதை எம்மைப் போன்றவர்களுக்கும் தந்தருள்வானாக! ஆமீன். ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.